கடல் பார்த்த சுவர்

சூரியன் மேகத்துக்குள் போவதற்காக மாறன் காத்திருந்தான். காரைக்காலை ஒட்டிய மீனவ ஊரான காரைக்கால்மேட்டில் கடலைப் பார்த்த கடைசி வரிசையில், ஒரு வீட்டுச் சுவருக்கு நேரே, வலது குதிகாலில் பாரம் விழாதபடி இடது காலை ஊன்றி நின்றிருந்தான். கையில் மனைவி அல்லியின் கைபேசி. வெயில் நேராக அடித்தால் சுவரில் எழும்பி நிற்கும் ஒவ்வொரு பொருக்குக்கும் ஒரு நிழல் விழும். நிழலோடு எடுத்த படம் உதவாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கு வந்தவன். எட்டே கால் ஆகியும் மேகம் வரவில்லை.

வீட்டுக்காரி சின்னப்பிள்ளை மீன் ஏலத்திலிருந்து காலிக் கூடையோடு திரும்பினாள். அவனைப் பார்த்ததும் கூடையை இறக்காமலே நின்றாள்.

"எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க? அளவு எடுக்கவா?"

"இல்லக்கா. சுவர படம் எடுக்கறேன்."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன். போன மாசமும் ரெண்டு பேரு வந்து எடுத்துட்டுப் போனாங்க. ரோடு வருதா, வேற என்ன வருதுன்னு ஒரு வார்த்த சொல்லல."

"நான் பெயின்டருக்கா. தருமபுரம். கம்ப்யூட்டர்ல வெளையாடுறாங்கல்ல, அந்த வேலைக்குப் படிச்சிட்டிருக்கேன். வெளையாட்டுல ஒரு ஊரு வரும். அந்த ஊருக்குச் சுவரு வேணும்."

சின்னப்பிள்ளை அவனை மேலும் கீழும் பார்த்தாள். காதோரம் நரைத்த ஆள். கணுக்காலில் கறுத்த தையல் தழும்பு.

"அதுக்கு நல்ல சுவரா பாத்து எடுக்கறதுதானே? இது உப்பரிச்சுல்ல கெடக்கு."

"அந்த உப்புதாங்க்கா வேணும்."

அவள் சிரித்துவிட்டாள். அதற்குள் கடல் பக்கமிருந்து ஒரு சாம்பல் மேகம் நகர்ந்து வந்து வெயிலை மூடியது. மாறன் கைபேசியை மார்புயரத்தில் பிடித்து, ஒரே அளவான சின்ன அடிகளாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே நாற்பது படம் எடுத்தான். ரோலர் அடிக்கும்போது நகர்வதைப் போலவே நகர்ந்தான். இருபது வருடப் பழக்கம்.

அந்த வேலை போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. புதிதாகக் கட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில், இரண்டாம் மாடி உயரத்தில் சன்ஷேடுக்கு அடியில் பிரைமர் அடித்துக்கொண்டிருந்தபோது, சாரத்தின் சவுக்குக் கம்பில் கட்டியிருந்த கயிறு நழுவியது. நின்ற வாக்கிலேயே விழுந்தான். வலது குதிகால் எலும்பு பிஸ்கட்டைப் போல நொறுங்கியிருப்பதாக எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார் டாக்டர். நடக்கலாம், ஏணி ஏறக்கூடாது என்றார். மேஸ்திரி ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார். பிறகு அவருடைய போன் எப்போதும் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தது. ஏணி ஏறாத பெயின்டரை யாரும் கூப்பிடவில்லை.

அல்லி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவள் அவள்தான்.

"ஏங்க, ஒரு டிரஸ்ட்டுல ஆறு மாசம் இலவசமா சொல்லித் தர்றாங்களாம். கம்ப்யூட்டர் கேமுக்குச் சுவரு, தரை எல்லாம் செய்யறதாம். நீங்க நாள் பூரா கட்டில்ல கெடந்து சுவத்தையேதான பாத்துட்டிருக்கீங்க? அதுக்கும் ஒரு படிப்பு இருக்கு, போய்ப் பாருங்க."

வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும் என்று நோட்டீஸில் இருந்தது. மாறனுக்கு முப்பத்தெட்டு. சொல்லித்தரும் சிவப்ரியா புதுச்சேரிக்காரி, இருபத்தாறு வயது, பெங்களூரில் மூன்று வருடம் இதே வேலை பார்த்தவள். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கம்ப்யூட்டர் பழக்கம் இருக்குங்களா?"

"இல்லங்க."

"வேற என்ன தெரியும்?"

மாறன் கொஞ்சம் யோசித்தான். "சுவரு தெரியும்ங்க."

அவள் டிரஸ்டுக்கு இரண்டு முறை எழுதி அனுமதி வாங்கினாள்.

ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் வகுப்பு, பன்னிரண்டு பேர். முதல் வாரம் முழுக்க மாறனின் மவுஸ் மேஜையை விட்டுக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து நாற்காலி இஃபாத், கல்லூரியை முடித்த கையோடு வந்தவன், ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுத்தான். விசைகளுக்கு மேல் மாறன் சின்னத் துண்டு டேப் ஒட்டி, தமிழில் எழுதி வைத்துக்கொண்டான். ஒன்றில் 'திரும்பப் போ'. சேவ் செய்கிற விசையில் 'காப்பாத்து'.

சிவப்ரியா விளக்கியது அவனுக்கு உடனே புரிந்தது. "வீடு, படகு, மரம் எல்லாத்தையும் இன்னொருத்தர் வெறும் அட்டைப்பெட்டி மாதிரி செஞ்சு குடுப்பாங்க. அதுக்கு மேல தோல் போத்தறதுதான் நம்ம வேலை. டெக்ஸ்ச்சர்னா அதுதான். ஒரு சின்ன சதுரத்தச் செஞ்சு, அதையே பக்கத்துல பக்கத்துல ஒட்டிப் பெரிய சுவராக்குவோம். ஒட்டு தெரியவே கூடாது."

ஒட்டுத் தெரியாமல் அடிப்பதுதான் அவன் தொழில். ஆனால் கை அறிந்ததை மவுஸ் அறியவில்லை. அவனுடைய முதல் சதுரத்தில் ஒரு கரும்பொட்டு இருந்தது. சுவராகப் பரப்பியதும் அந்தப் பொட்டு வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் முளைத்தது.

"அண்ணே, சுவருக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குண்ணே," என்றான் இஃபாத். வகுப்பே சிரித்தது. மாறனும் சிரித்தான். வீட்டுக்கு நடந்து போகும்போது சிரிப்பு இல்லை. அடுத்த மூன்று நாள் அல்லி கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். நான்காம் நாள் அந்தப் பொட்டை அழித்துவிட்டு, அதே இடத்தில் எங்கும் கண் நிற்காத மாதிரி மெல்லிய கறைகளை மூன்று அளவுகளில் கலைத்துப் போட்டான். பரப்பினான். சுவர் ஒரே சுவராக நின்றது.

பளபளப்பு வகுப்பு அவனுடைய நாள். எது மின்னும், எது மின்னாது என்பதைக் கறுப்பு வெள்ளையில் தனியாக ஒரு படம் வரைந்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் திணறினார்கள். மாறனுக்கு டிஸ்டம்பர் மங்கல், எனாமல் பளபளப்பு, பட்டி வைத்து உப்புத்தாள் போட்ட இடம் இரண்டுக்கும் நடுவில். ஈரமான சிமென்ட் மின்னும். காய்ந்தால் மின்னாது. அரைமணியில் முடித்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு இஃபாத் தன் நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஐந்தாம் மாதம் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் தேர்வு அனுப்பியது. வெளிநாட்டில் தயாராகும் ஒரு பெரிய விளையாட்டுக்கு அந்த நிறுவனத்தார் வேலை எடுத்துச் செய்தார்கள். தேர்வில் கொடுத்திருந்தது கடலோரம் பத்து வருடமாக ஆளில்லாமல் கிடக்கும் ஒரு வீடு. கடலைப் பார்த்த அதன் சுவருக்குத் தோல் செய்ய வேண்டும். ஒரு வாரம். தேறுகிறவர்களுக்கு வேலை.

பெரும்பாலோர் அழுக்கை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பூசினார்கள். மாறன் சின்னப்பிள்ளை வீட்டில் எடுத்த நாற்பது படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டான். உப்பு தரையிலிருந்து முழங்கால் உயரம்தான் ஏறும். அங்கே காரையே கொட்டிச் செங்கல் தெரியும். அதற்கு மேல் பெயின்ட் ஓடு ஓடாகக் கிளம்பி நிற்கும். ஓட்டுக்கு அடியில் பழைய நீலம், நீலத்துக்கு அடியில் முதல் தடவை அடித்த சுண்ணாம்பு. ஜன்னல் கம்பியின் கீழே துரு ஒழுகிய கோடு. யாரோ ஒரு பெயின்டர் அந்தச் சுவருக்கு வருடா வருடம் வேலை பார்த்த வரிசையிலேயே மாறன் ஒவ்வொன்றையும் போட்டான். சுண்ணாம்பு, நீலம், சந்தன நிறம், அப்புறம் மழை, அப்புறம் உப்பு.

பத்து நாள் கழித்து, காலை பதினோரு மணிக்குச் சிவப்ரியா அவனைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டாள். திரையில் சிவராமன் என்று ஒருவர். அந்த நிறுவனத்தின் டெக்ஸ்ச்சர் பிரிவுக்குப் பொறுப்பாளர்.

"மாறன், எந்த சைட்லேருந்து டவுன்லோடு பண்ணீங்க?"

"என்னதுங்க?"

"இத அஞ்சு மாசம் படிச்சவர் செய்ய முடியாது. உண்மையச் சொல்லிட்டா விட்டுடறோம். காப்பியடிச்சத நாங்க எடுத்தா எங்களுக்குப் பெரிய சிக்கல்."

மாறன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். எழுந்து போயிருப்பான். சிவப்ரியா அவன் கையருகே மேஜையைத் தட்டி உட்காரச் சொன்னாள்.

"சார், இப்பவே ஒண்ணு குடுங்க. உங்க கண்ணு முன்னாடியே செய்வாரு," என்றாள்.

"சரி. அதே வீடு. பின்பக்கச் சுவரு. மூணு மணி நேரம். ஸ்கிரீன நான் பாத்துட்டே இருப்பேன். யாரும் பக்கத்துல வரக்கூடாது."

இஃபாத்தும் மற்றவர்களும் கதவருகே போய் நின்றார்கள். மாறன் தொடங்கினான். போட்டதை இரண்டு தடவை அழித்ததில் முதல் அரைமணி வீணானது. ஒரு மணி நேரம் கழிந்தபோது திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும்பிக் கேள்வி கேட்டது. படிக்கத் தெரியாமல் எதையோ அழுத்தினான். செய்ததெல்லாம் போய்விட்டது. 'திரும்பப் போ' என்று எழுதிய விசையை அழுத்தினான். எதுவும் வரவில்லை. கதவருகே யாரோ "அய்யோ" என்றார்கள்.

மாறன் இரண்டு கைகளையும் எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். சாரத்தில் பக்கெட் கவிழ்ந்தால் மறுபடி கலக்குவதைத் தவிர வேறு வழியில்லை. சுண்ணாம்பிலிருந்து ஆரம்பித்தான்.

இந்தத் தடவை கை வேகமாகப் போனது. மூன்றாம் மணி முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது மவுஸை விட்டான்.

"இதுல ஏன் பெயின்ட் உரியல?" என்றார் சிவராமன்.

"அது கடலுக்கு முதுகு காட்டுற சுவருங்க. உப்புக்காத்து நேரா அடிக்காது. வெயிலும் கம்மி. அதனால பாசிதான் புடிக்கும். அதுவும் மேலேருந்து எறங்கும். கைப்பிடிச் சுவருல மழைத்தண்ணி வழியற எடம் பாத்தீங்கன்னா தெரியும்."

"இடுப்பு உயரத்துல ஒரு எடம் மட்டும் மின்னுது. தப்பா போட்டீங்களா?"

"இல்லங்க. பின்பக்கம்னா தண்ணிக் குழாய் இருக்கும். குடம் தூக்கறவங்க அந்த எடத்துலதான் கை ஊணுவாங்க. எண்ணெய்க் கை பட்டுப் பட்டுச் சுவரு வழவழன்னு ஆயிடும்."

"எங்க மாடல்ல குழாயே இல்லையே?"

"பத்து வருஷமா ஆளில்லாத வீடுன்னீங்க. யாராவது கழட்டிட்டுப் போயிருப்பாங்க சார்."

திரையில் சிவராமன் நாற்காலியில் சாய்ந்தார். தலையை ஆட்டிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார். "அண்ணே, மன்னிச்சுக்குங்க," என்றார். "எப்ப சேர்றீங்க?"

கதவருகே எழுந்த சத்தத்தில் கீழே பேக்கரிக்காரர் மேலே ஏறி வந்து என்னவென்று கேட்டார். இஃபாத் மாறனைத் தோளோடு கட்டித் தூக்கப் போனவன், குதிகால் ஞாபகம் வந்து பாதியில் விட்டான். சிவப்ரியா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். மாறன் ஜவுளிக்கடைக்குப் போன் செய்தான். வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்றாலும் அல்லி எடுத்தாள்.

"சுவத்தப் பாத்தது வீண் போவல," என்றான்.

டிரஸ்ட் கொடுத்த பழைய கம்ப்யூட்டரை வீட்டு முன்னறையில் வைத்து ஒன்றரை வருடம் வேலை செய்தான். அறுபத்தெட்டுத் தோல்கள். மீன் ஏலக் கூடத்தின் ஈரத் தரை, படகுகளின் அடிவயிறு, மண்சாலை, துறைமுகக் கிடங்கு. மாதம் பிறந்தால் கூலி வந்தது. அல்லி ஜவுளிக்கடையில் பாதிநேர வேலைக்கு மாறினாள். புதிதாகச் சேரும் பையன்களிடம் சிவராமன், சந்தேகம் வந்தால் காரைக்காலுக்குப் போன் போடு என்றார். ஒரு நாள் ஒரு பையன் கேட்டான். "சார், துரு எந்த நெறத்துல ஆரம்பிக்கும்?" தன்னை ஒருவர் சார் என்றதை மாறன் அல்லியிடம் இரண்டு தடவை சொன்னான்.

விளையாட்டு ஐப்பசியில் வெளிவந்தது. அதை ஓட்டுகிற வலு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இல்லை. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் முழுதும் விளையாடிப் போட்டிருந்த வீடியோவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஃபாத் தன் லேப்டாப்பில் கொண்டு வந்தான். வெளியே அடைமழை. மூவரும் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"இந்தத் தரை, நான்." "இந்தப் படகு." "நிறுத்து, நிறுத்து, இந்தப் படிக்கட்டு." மாறன் விரலை நீட்டிக்கொண்டே இருந்தான். துறைமுகக் கிடங்குக்கு வந்ததும் விளையாடுகிறவன் ஓட்டத்தை நிறுத்தி, சுவருக்கு வெகு அருகில் போய் ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்றாள் அல்லி.

"இத செஞ்சவன் யாரோ, கும்பிடணும்கிறான்க்கா."

அல்லி மாறனைப் பார்த்தாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

விளையாட்டு முடிந்ததும் வேலை செய்தவர்களின் பெயர்கள் வரத் தொடங்கின. அந்தக் கிடங்குச் சுவரையே பின்னால் நிறுத்தியிருந்தார்கள். இஃபாத் ஒவ்வொரு தலைப்பாகப் படித்துச் சொன்னான். கதை எழுதியவர்கள், இசை, சாப்பாடு ஏற்பாடு, வக்கீல்கள். கால் மணி நேரம் போனது. சென்னை நிறுவனத்தின் பெயர் ஒற்றை வரியாக வந்து மேலே போனது. அதற்கு அடியில் ஆட்களின் பெயர் எதுவும் இல்லை.

"இன்னும் வருது, இருங்க," என்றான் இஃபாத்.

புதிதாக ஒரு தலைப்பு. அதற்குக் கீழே நீளமான பட்டியல்.

"இது யாரு தம்பி?" என்றாள் அல்லி.

இஃபாத் தயங்கினான். "வேலை நடந்துட்டிருந்தப்ப அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஆளுங்களுக்குப் பொறந்த கொழந்தைங்கக்கா."

மாறன் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அவன் செய்த சுவரின் மேல், துருக் கோடுகளையும் கிளம்பிய பெயின்ட்டையும் தொட்டுக்கொண்டு, முப்பத்தொரு குழந்தைகளின் பெயர்கள் மெதுவாக ஏறிப் போய்க்கொண்டிருந்தன.