இரண்டாவது ஆப்பு

கெர்லிண்ட மவுத்தேயின் படம் வட்டாரச் செய்தித்தாளில் வந்தபோது, யாரோ அதை வெட்டி எங்கள் பட்டறைக் கதவில் ஒட்டிவைத்தார்கள். விரலிடுக்கில் ஒரு சின்ன டைட்டானியக் கூட்டைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்கும் படம். எங்கள் டுட்லிங்கனில் தெருவுக்கு நாலு பேர் அறுவைசிகிச்சைக் கருவி செய்கிறவர்கள். இந்த ஊரில் ஒருத்தி செய்த பொருள் செய்தியாகிறது என்றால் அது லேசுப்பட்ட காரியமில்லை.

நான் ஓட்மார் கீனே. அவள் வரைவதை மில்லிங் மெஷினில் வெட்டித் தருகிறவன். பதினாறு வருடமாக அவள் மாடியில் வரைகிறாள், நான் கீழே வெட்டுகிறேன்.

முதுகெலும்பில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு தேய்ந்துபோனால், மருத்துவர் அதை எடுத்துவிட்டு அங்கே ஒரு கூட்டை வைப்பார். கூட்டுக்குள் எலும்புத் துணுக்குகளை அடைப்பார். மேலெலும்பும் கீழெலும்பும் அதன் வழியே வளர்ந்து ஒன்றாகிவிட வேண்டும். நரம்பை உரசாமல் நுழைய வேண்டியிருப்பதால் கூடு ஒல்லியாகப் போய், உள்ளே போனபின் உயர வேண்டும். கெர்லிண்டவின் கூடு எட்டு மில்லிமீட்டராக நுழைந்து பதினைந்தாக உயர்ந்தது. முன்னால் ஓர் ஆப்பு, பின்னால் ஓர் ஆப்பு; இரண்டையும் நடுவில் ஓடும் ஒரே திருகு இழுக்க, கூடு உயரும். ஏழு மில்லிமீட்டர் உயர்வு அப்போது வேறு யாரிடமும் இல்லை. காப்புரிமை அவள் பெயரில் வந்திருந்தது. நவம்பரில் நடக்கும் மருத்துவக் கருவிக் கண்காட்சியில் வெளியிடுவதாக முதலாளி எக்கார்ட் நாள் குறித்துவிட்டார்.

செப்டம்பரில் கடைசி ஒத்திகை. உடல்தானம் செய்த ஒரு முதியவரின் முதுகில், முதுகெலும்பு அறுவைசிகிச்சை செய்யும் டாக்டர் வெண்டெலின் கூட்டை வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. உதிரிப் பாகங்களோடு நானும் கெர்லிண்டவோடு போயிருந்தேன். வெண்டெலின் அதிகம் பேசாத மனிதர். கூட்டை நுழைத்தார், கைப்பிடியைத் திருப்பினார். கைப்பிடியின் அளவுகோல் ஒன்பது, பதினொன்று, பதினான்கு என்று ஏறிக்கொண்டே போனது. கெர்லிண்டவின் முகமும் கூடவே மலர்ந்தது. பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். கூடு பதினான்குதான். ஆனால் இரண்டு எலும்புகளும் விலகவே இல்லை. கூடு மேலெலும்பின் தட்டை உடைத்துக்கொண்டு ஆறு மில்லிமீட்டர் உள்ளே புதைந்திருந்தது. கைப்பிடியைத் திருப்பியவருக்கு அது துளியும் தெரியவில்லை.

வெண்டெலின் கையுறையைக் கழற்றினார். இன்னொரு கூட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உயரம் கைப்பிடியில ஏறுது, முதுகுல ஏறல," என்றார். "அதுகூடப் பரவாயில்ல. இதுக்குள்ள எலும்பு வைக்க இடம் எங்க இருக்கு? வீடு முழுக்க மாடிப்படியைக் கட்டி வச்சிருக்கீங்க. குடியிருக்க ஒரு அறை இல்ல."

திரும்பும் வழியில், எங்கள் ஊர் எல்லை வந்தபோது, அவர் சொன்னது சரி என்றாள் கெர்லிண்ட.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு எக்கார்டின் அறைக்குப் போனாள். கண்காட்சிக்கு இந்தக் கூடு வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றாள். எக்கார்ட் கெட்டவர் இல்லை. ஆனால் அழைப்பிதழ்கள் போய்விட்டன, அறுநூறு கூடுகளுக்கு டைட்டானியக் கம்பி வந்து இறங்கிவிட்டது. அவர் முதலில் சமாதானமாகப் பேசினார். திருப்புகிற மருத்துவர் கொஞ்சம் பார்த்துத் திருப்பினால் போயிற்று, கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார். அவள் அசையவில்லை.

"ஒரே ஒரு கிழட்டு எலும்பு உடைஞ்சதுக்கா இவ்வளவும்?" என்றார்.

"நம்ம கூடு போற எலும்பு எல்லாமே கிழட்டு எலும்புதான். இருபது வயசுப் பையனுக்கு இதை யார் வைக்கப்போறாங்க?"

"காப்புரிமை உங்க பேர்ல இருக்கு. நாளைக்கு ஊர் சிரிச்சா உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வாங்கினவ நான், தூக்கிப் போடறவளும் நானாவே இருந்துட்டுப் போறேன்."

கடைசியில் எக்கார்ட், கோடைக்குள் வேறொன்று கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் வந்தது. கண்காட்சியில் எங்கள் மேசையில் பழைய சாமான்கள். எதிர் வரிசையில் வேறொருவர் ஏழரை மில்லிமீட்டர் உயரும் கூட்டை வைத்துக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் விற்பனையாளர்கள் கடுப்போடு திரும்பி வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் கெர்லிண்ட தட்டோடு வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும். தனக்குத் தானே ஆப்பு வைத்துக்கொண்டவள் என்று அவள் காதுபடவே ஒருவன் சொன்னான். அவள் அவன் பக்கம் ரொட்டிக் கூடையைத் தள்ளிவிட்டு, "வச்சதில்லப்பா, பிடுங்கினது," என்றாள்.

உண்மையில் அதைத்தான் செய்தாள். பின்னால் இருந்த ஆப்பை எடுத்துவிட்டு அங்கே ஒரு கீல் வைத்தாள். முன்னால் ஒரே ஆப்பு. கூடு இப்போது முன்பக்கம் வாய் திறப்பதுபோல் விரியும். இடுப்பருகே முதுகெலும்பின் இயல்பான வளைவும் அதுதான். நடுவில் ஓடிய திருகை எடுத்துவிட்டு, முன்னால் ஒரு கட்டைத் திருகு. அதைத் திருப்பும் கோல் வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும். அது போன துளை வழியாகவே, கூடு விரிந்த பிறகும் எலும்புத் துணுக்குகளைத் தள்ளலாம். உள்ளே இடம் இரண்டு மடங்கானது. கைப்பிடியிலும் ஒரு மாற்றம்: குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் அது 'டக்'கென்று வழுக்கிவிடும், எலும்பை நசுக்காது.

இதற்கெல்லாம் அவள் கொடுத்தது உயரம். ஏழு போய் நாலரைதான் மிஞ்சியது. அதனால் ஒரே கூடு எல்லோருக்கும் போதாது. மூன்று ஆரம்ப உயரங்களில் செய்ய வேண்டும், மருத்துவமனை மூன்றையும் வாங்கி வைக்க வேண்டும். மருத்துவர்கள் சலித்துக்கொள்வார்கள் என்று விற்பனையாளர்கள் சொன்னார்கள். கெர்லிண்ட வெண்டெலினையே தொலைபேசியில் கேட்டாள். அலமாரியில் மூன்று பெட்டி வைப்பது அரை நிமிட வேலை, உடைந்த எலும்போடு ஒரு மனிதர் மிச்ச வாழ்நாள் முழுக்க வாழ வேண்டும் என்றாராம் அவர்.

பிப்ரவரியில் சோதனை எந்திரத்தில் ஏற்றினோம். ஐம்பது லட்சம் முறை அழுத்தித் தளர்த்த வேண்டும். இரவு பகலாக ஓடினால் பன்னிரண்டு நாள். எட்டாம் நாள் கீல் விரிசல் விட்டது.

கெர்லிண்ட உடைந்த கூட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். அவள் கண் சிவந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சுவரைத் தடியாக்கினா தாங்கும். ஆனா உள்ள இருக்கிற இடம் போயிடும். மறுபடி அந்த மாடிப்படி வீடுதான்," என்றாள்.

நான் கூட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். விரிசல் கீலின் உள்மூலையில் கிளம்பியிருந்தது. கூர்மையான மூலை; அழுத்தமெல்லாம் அங்கேயே குவியும். வரைபடத்தில் அவள் அப்படித்தான் போட்டிருந்தாள், நானும் அப்படியே வெட்டியிருந்தேன்.

"சுவரைத் தொடாதே," என்றேன். "மூலையை உருட்டிக் கொடு. பின்பக்கமா உருண்டை வெட்டியை விட்டுக் குடைஞ்சு தரேன். உள்ள ஒரு இம்மி இடமும் போகாது."

"அவ்வளவு ஆழத்துக்கு வெட்டி போகுமா? உடைஞ்சிடாது?"

"உடையும். உடையாம வர்ற வரைக்கும் உடைச்சுப் பாக்கறேன்."

இருபத்திரண்டு வெட்டிகள் உடைந்தன. மெல்லியதாக விட்டால் முறிந்தது, தடித்ததாக விட்டால் உள்ளே திரும்ப இடமில்லை. கடைசியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, எண்ணெயை நேராக மூலைக்கே பீய்ச்சி வெட்டினேன். ஒரு கூட்டுக்குப் பதினோரு நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. எக்கார்ட் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் அறைக்குப் போய்விட்டார்.

புதுக் கூடுகள் ஏறின. எட்டாம் நாள் கடந்தது. பன்னிரண்டாம் நாள் மதியம் எந்திரத்தின் எண்ணிக்கை ஐம்பது லட்சத்தைத் தொட்டபோது, மாடியிலிருந்தும் பட்டறையிலிருந்தும் ஆட்கள் வந்து எந்திரத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஆப்பு வைத்தவள் என்று சொன்னவனும் வந்திருந்தான். கெர்லிண்ட எந்திரத்தை நிறுத்த விடவில்லை. இன்னும் ஓடட்டும், எங்கே உடைகிறது என்று பார்க்கலாம் என்றாள். எண்பது லட்சத்தில் எங்களுக்குத்தான் பொறுமை போயிற்று; கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதிய காப்புரிமை விண்ணப்பத்தின் நகல் ஒருநாள் என் மேசைக்கு வந்தது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. நான் மாடிக்குப் போய், மூலையை உருட்டினதுக்கெல்லாம் பெயரா, அடித்துவிடு என்றேன். அனுப்பியாயிற்று, இனி அடிக்க முடியாது என்றாள். என் மனைவி அன்று முழுக்க அந்தத் தாளை யாரிடமெல்லாம் காட்டினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதல் அறுவைசிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து வெண்டெலின் தானே வந்தார். கணினித் திரையில் ஒரு ஸ்கேன் படத்தைப் போட்டார். பெயர் மறைத்திருந்தது, எழுபத்தொரு வயதுப் பெண்மணி, பக்கத்து ஆல்ப் மேட்டில் செம்மறி மேய்ப்பவர் என்று மட்டும் சொன்னார். கூட்டின் பளீரென்ற விளிம்புகளுக்கு நடுவே, மேலெலும்பிலிருந்து கீழெலும்பு வரை வெள்ளையாக எலும்பு இறங்கியிருந்தது. இடைவெளியே இல்லை. வைத்த உயரத்தில் அரை மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை.

எக்கார்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். எங்கள் பக்கத்தில் திட்டாமல் விட்டாலே பாராட்டியதாகக் கணக்கு. அவர் நிமிர்ந்து, கெர்லிண்டவைப் பார்த்து, "குறை சொல்ல ஒண்ணுமில்ல," என்றார். முப்பது வருடத்தில் அவர் வாயால் அதைக் கேட்டவர்கள் இரண்டு பேர் இருப்பார்களா என்பது சந்தேகம்.

கெர்லிண்ட திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்க மறுபடி ஆடுகளோட போக முடியுமா, டாக்டர்?" என்று கேட்டாள்.

"முடியுமாவா? நான் மே வரைக்கும் பொறுங்கன்னு சொன்னேன். மார்ச்லயே மேட்டுல ஏறிட்டாங்க. என்னைக் கேட்டா போறாங்க?"

அறையில் எல்லோரும் சிரித்தோம். கெர்லிண்ட மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த வெள்ளை எலும்பை அகலவாக்கில் அளக்கத் தொடங்கினாள். பிறகு என்னையும் பக்கத்தில் கூப்பிட்டு, பதினோரு மில்லிமீட்டர், நாம் உள்ளே விட்ட இடம் முழுக்க நிறைந்திருக்கிறது என்று காட்டினாள். நானும் குனிந்து பார்த்தேன். பதினொன்றேதான்.