ஜசிந்தாவைப் பற்றிய அறிக்கைக்கு ஒரு திருத்தம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு கடிதம். நான்கு வரிக் கடிதம். அதை எழுதித் தரும்படி கேட்டு ஒரு பெண் நெடுந்தீவிலிருந்து காலை லோஞ்சில் கடல் கடந்து வந்திருக்கிறாள். இறுப்பிட்டியில் என் வீட்டு முன்னறையில், கதிரை நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மணி லோஞ்சுக்கு அவள் திரும்பவேண்டும். இப்போது பன்னிரண்டே கால். உள்ளே நான் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நானோ உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். வெட்கக்கேடு.

கடிதம் இப்படித் தொடங்கியது:

தலைமை ஆசிரியர் இராசநாயகம் அவர்கட்கு, 1972ஆம் ஆண்டு தங்கள் பாடசாலையில் நான் பயிற்சி ஆசிரியையாக இருந்தபோது எழுதிய அறிக்கையில் ஒருவேளை சில

[அடித்துவிட்டேன்.]

'ஒருவேளை' எங்கிருந்து வந்தது? நான் கூப்பிடவில்லை. தானாக வந்து குந்திக்கொண்டது.

2

கதையென்றால் இப்படித் தொடங்கலாம்: 'சோளகம் வீசிய ஒரு காலையில், நெடுந்தீவின் கல்வேலிகளுக்கிடையே ஓர் இளம் ஆசிரியை கனவுகளோடு…'

சீ, கண்டறியாத கனவு! எனக்கு இருபத்தாறு வயது. லோஞ்சில் சத்தி எடுத்துவிட்டுத் தலைசுற்றலோடு இறங்கினேன். பெயர் அன்னபூரணம். ஆசிரிய கலாசாலையில் கல்வி உளவியல் கட்டாய பாடம். ஒரு பிள்ளையை ஒரு தவணைக் காலம் அவதானித்து அறிக்கை எழுதவேண்டும். நான் எடுத்த பிள்ளை ஜசிந்தா. நாலாம் வகுப்பு, ஒன்பது வயது. ஏன் அவள் என்று கேட்காதீர்கள். முன்வாங்கில் இருந்தாள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்களுடையது தோட்டமும் பனங்காணியும் உள்ள குடும்பம். கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடுதூரம். ஆனால் எங்களுக்குக் கடல் என்றால் பார்க்கிற பொருள். ஜசிந்தாவின் தகப்பன் யாக்கோப்பு அதில் போய்வருகிறவர்.

3

முடியாக் கதைச் சோதனை என்று ஒன்று உண்டு. பாதிக் கதையைச் சொல்லி நிறுத்துவீர்கள், மீதியைப் பிள்ளை சொல்லும். பிள்ளையின் மனதில் கிடப்பது வெளியே வரும். வசனத்தின் நீளத்தை வைத்து மொழி வளர்ச்சியை அளக்கலாம், கதை போகும் போக்கை வைத்துக் கற்பனை வளர்ச்சியை. நல்ல சோதனைதான். இன்றைக்கும் அதில் எனக்குக் கோபமில்லை.

'பிள்ளைக்குப் பழக்கமான சூழலிலிருந்து கதையை எடுங்கள்' என்று விரிவுரைக் குறிப்பில் இருந்தது. கெட்டிக்காரி நான், கடலை எடுத்தேன்.

"ஒரு ஆள் தோணியிலை கடலுக்குப் போனார். காத்து எழும்பிச்சுது. விடிஞ்சும் ஆள் வரேல்லை. கரையிலை அவற்றை மகள் நிண்டாள். பிறகு என்ன நடந்தது, பிள்ளை?"

ஜசிந்தா என்னைப் பார்த்தாள். யன்னலைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

"சொல்லும். இதிலை சரி, பிழை எண்டு ஒண்டும் இல்லை."

மூன்றாம் தரமும் கேட்டேன். அப்போதுதான் மெல்லச் சொன்னாள்:

"அப்பா இன்னும் வரேல்லை, ரீச்சர்."

நான் கொப்பியில் எழுதினேன்: *தொடர்பற்ற விடை.* பிறகு ஒரு முயல் கதையைத் தொடங்கினேன். முயல் பற்றைக்குள் போவதற்கு முன்பே அவள் விம்மி அழத் தொடங்கிவிட்டாள். அதையும் எழுதினேன்: *உணர்ச்சி முதிர்ச்சி போதாது.* முடிவுரை: *மொழி, கற்பனை வளர்ச்சியில் இரண்டு ஆண்டு பின்தங்கியவள். மேற்படிப்புக்கு உகந்தவள் எனக் கூறமுடியாது.*

(* அடிக்குறிப்பு: இந்தக் கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் வெறுமையாகக் கிடந்தது. நிரப்பினேன்.)

4

யாக்கோப்பு அதற்கு முதல்நாள் பின்னேரம் கடலுக்குப் போயிருந்தார். விடியவே கரைக்கு வந்திருக்கவேண்டியவர். நான் கேட்ட நேரம் முற்பகல் பத்தரை. ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் அவரைக் கடலில் விட்டுவிட ஆசைப்பட்டேன். விட்டேன் என்றே சொல்லவேண்டும். சற்று முன் கிழித்த தாளில் தோணி கவிழ்ந்து, பாய் மட்டும் கரை ஒதுங்கியது. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் அன்று பின்னேரம் இரண்டு மணிக்குக் காற்றில் இழுபட்டுப் போய்ச் சுற்றி வந்து சேர்ந்தார். இன்னும் இருக்கிறார். முழங்கால் வலியாம். கதைக்காக ஒரு மனிதரைச் சாகடிக்கக் கை துறுதுறுக்கிறவளிடம்தான் அந்தப் பெண் கடிதம் கேட்டு வந்திருக்கிறாள். பாவம்.

5

அறிக்கைக்குக் கலாசாலையில் அதிகூடிய புள்ளி கிடைத்தது. மாதிரி அறிக்கை என்று ரோனியோவில் பிரதி அடித்து ஒவ்வொரு வருடமும் புதிய பயிற்சி ஆசிரியர்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பெயரோடுதான் நான் அங்கேயே விரிவுரையாளர் ஆனேன். ஒரு பிரதி பள்ளிக்கூடத்தில் இராசநாயகத்தின் அலுமாரியில் தங்கிவிட்டது. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அனுப்பிய பட்டியலில் ஜசிந்தாவின் பெயர் இல்லை. அவள் ஆறாம் வகுப்போடு நின்று கருவாடு காயப்போடப் போனாள்.

எனக்குத் தெரியாது என்று எழுதப்போனேன். தெரியும். எழுபத்து நாலில் அவளுடைய தாய் பிலோமினம்மாவை லோஞ்சில் கண்டேன். எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"ரீச்சர், நீங்கள் படிச்சனீங்கள். ஒண்டு கேக்கலாமோ? கடலிலை நிக்கிற மனிசனைப் பற்றி ஆரும் அந்த வீட்டுப் பிள்ளையிட்டைக் கேப்பினமோ?"

"அது கதைதானே, அம்மா."

"உங்களுக்குக் கதை. ஆள் கரையிலை கால் வைக்குமட்டும் நாங்கள் வருவார் எண்டும் சொல்லுறேல்லை, வரார் எண்டும் சொல்லுறேல்லை. வாயிலையே எடுக்கிறேல்லை. அது எங்கடை சின்னதுகளுக்கும் தெரியும். பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிண்டது அறிவில்லாமலோ?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "பாப்பம் அம்மா" என்றேன். எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் ஒவ்வொரு தவணையும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறேன்: மற்றவர் ஒன்றைச் செய்யாவிட்டால் அது அவருடைய குணம் என்போம், நாம் செய்யாவிட்டால் சூழ்நிலை என்போம். பிள்ளை பேசவில்லை, ஆகவே ஆற்றல் இல்லை. நான் எட்டு வருடம் பேசவில்லை. ஏன்? இடமாற்றம், மாரிமழை, அம்மாவுக்குச் சுகமில்லை. உதாரணம் இவ்வளவு கைக்கெட்டின தூரத்தில் இருந்தும் நான் வகுப்பில் சொன்னது வேறு யாரோ ஒரு கந்தோர்க் கிளாக்கரின் உதாரணம்.

6

இன்று காலை ஜசிந்தா வாசல் படலையடியில் நின்றபோது எனக்கு ஆள் யாரென்று மட்டுக்கட்ட முடியவில்லை. பத்தொன்பது வயது, உயர்ந்த பெண். உள்ளே வந்ததும் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"நான் எனக்காக வரேல்லை, ரீச்சர். தங்கச்சி மேரிறோஸ் அஞ்சாம் வகுப்பு. புலமைப்பரிசில் லிஸ்ற்றிலை இருந்து அவளின்ரை பேரைப் பெரிய வாத்தியார் வெட்டிப்போட்டார்."

"ஏனாம்?"

"கலாசாலையிலை இருந்து புதுசா ஒரு பயிற்சி ரீச்சர் வந்தவ. அதே தோணிக் கதையைத்தான் கேட்டவ. அப்பாவும் அண்டைக்குக் கடலிலை. தங்கச்சி வாய் திறக்கேல்லை. இப்ப வாத்தியார் சொல்லுறார், அக்காவும் இப்பிடித்தான், தங்கச்சியும் இப்பிடித்தான், இரத்தத்திலை ஊறினதாம். பெரிய ரீச்சரே அக்காவைப் பற்றி எழுதி வைச்சிருக்கிறா எண்டு உங்கடை தாளைத் தூக்கிக் காட்டுறார்."

"லிஸ்ற் எப்ப போகுது?"

"திங்கட்கிழமை. நீங்கள் எழுதினது பிழை எண்டு நீங்களே எழுதித் தந்தால் அவருக்கு மறுக்க ஏலாது. நாலு வரி காணும், ரீச்சர்."

"இரும், பிள்ளை" என்று சொல்லி உள்ளே வந்தேன். வந்தவள்தான்.

பயம். வேறொன்றுமில்லை. வேலை போகாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பத்து வருடமாக அந்த அறிக்கையைப் படித்துப் போன பிள்ளைகள் தீவுதீவாகப் போய் எத்தனை குழந்தைகளிடம் அந்தத் தோணியைத் தள்ளிவிட்டார்கள்? அதை நான் சொன்னால் திங்கட்கிழமை எந்த முகத்தோடு வகுப்புக்குள் போவேன்? பெரிய ரீச்சர் என்று அவள் சொன்னபோது, அந்த நிலைமையிலும், எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அதை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

7

இனி முடிவுகள்.

(அ) 'சில அம்சங்கள் மறுபரிசீலனைக்குரியவை' என்று எழுதிக் கொடுக்கிறேன். இராசநாயகம் வாசித்து, தலையை ஆட்டி, அலுமாரியில் வைக்கிறார்.

(ஆ) அடுத்த கிழமை நானே நேரில் வருகிறேன் என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, அனுப்பிவிடுகிறேன். மரியாதையான பொய். எனக்கு நன்றாக வரும்.

(இ) இந்தக் கதையையே அவளிடம் கொடுக்கிறேன். எல்லா உண்மையும் இதில் இருக்கிறது. வாசிக்கிறாள், கண் கலங்குகிறாள், என் கையைப் பிடித்துக்கொண்டு

இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

8

சந்தேகம் இருந்தும் (இ)யைத்தான் செய்தேன். ஒன்றே முக்காலுக்கு அவளைக் கூப்பிட்டுத் தாள்களை நீட்டினேன். நின்றபடியே வாசித்தாள். அடித்தல் திருத்தல் நிறைந்த என் கையெழுத்தில் ஓர் இடத்திலும் தடக்கவில்லை. மேற்படிப்புக்கு உகந்தவள் எனக் கூறமுடியாதவள்.

"நல்லா எழுதியிருக்கிறியள், ரீச்சர்."

சந்தோஷப்பட்டேன். கடவுளே, சந்தோஷப்பட்டேன்.

"நீங்கள் இருக்கிறியள். அம்மா இருக்கிறா, அப்பா இருக்கிறார். நான் அழுததும் இருக்கு. தங்கச்சி எங்கை?"

வாங்கிப் புரட்டினேன். மேரிறோஸ் இத்தனை தாளுக்குள் வெறும் ஒரு பெயராக இருந்தாள். அந்தப் பெயரும் ஜசிந்தா சொன்னதால் வந்தது. ஒரு பிள்ளை எப்படிப்பட்டது என்று கேட்பதுதான் என் தொழில். காலையிலிருந்து நான் கேட்கவில்லை.

"அவள் எப்பிடி?" என்றேன்.

"கணக்கிலை விண்ணி. வாய் காட்டி வாய் காட்டி அடி வாங்குவாள். பழைய கலண்டர் தாளின்ரை பின்பக்கம் முழுக்கப் பெருக்கல் போட்டு வைச்சிருக்கிறாள்."

"நீர் இஞ்சை வந்தது தெரியுமோ?"

"தெரியும். விடியவே எழும்பிப் பள்ளிக்கூடப் பையைத் தோய்ச்சுக் காயப்போட்டிட்டாள். ஏன் எண்டு நாங்களும் கேக்கேல்லை, அவளும் சொல்லேல்லை."

இப்போது இரண்டு மணி. அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், உட்காரவில்லை. நான் என்ன எழுதுவேன், இராசநாயகம் என்ன செய்வார் என்பதையெல்லாம் நீங்கள் உங்கள் பாட்டுக்கு யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. வீட்டில் இருந்த தாளையெல்லாம் என்னைப் பற்றி எழுதியே முடித்துவிட்டேன். நல்ல தாள் இன்னும் ஒன்றுதான் மிச்சம், அது உங்களுக்கில்லை.