பட்டியலில் அத்தை

"இதை அப்படியே படிச்சா போதும். நீயா ஒண்ணும் சேர்க்காத, நீயா ஒண்ணும் விட்டுடாத."

பெரியப்பா நீட்டிய காகிதத்தில் நான்கே வரிகள். தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடும் போட்டிருந்தார். இரும்புக்கடை வைத்திருப்பவர். கால் கிலோ ஆணி வாங்க வந்தவனிடமும் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார்.

விசில் அதை வாங்கிப் பார்த்தாள். பஸ் கண்டக்டராகப் பதினோரு வருஷம் ஊதிய விசில் வீட்டுக்குள்ளும் அவளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. காகிதத்தைச் சத்தமாகவே வாசித்தாள்.

"'மருத்துவமனைப் பணியாளராக இருந்த எங்கள் சகோதரி, பல ஆண்டுகள் வழி விலகிப் போயிருந்தாலும், கடைசி நாட்களில் மனம் வருந்தித் திரும்பினார்.' யார் பெரியப்பா வருந்தினது?"

"உங்க அத்தைதான்."

"எப்போ?"

"கடைசியில."

"கடைசி நாள் காலையில என் பஸ்லதான் வந்தாங்க. ஜன்னல் கண்ணாடி இறுகிக் கிடக்கு, டிப்போல சொல்லி எண்ணெய் போடச் சொல்லுடின்னாங்க. வேற எந்த வருத்தமும் சொல்லலையே."

"வாயை அளந்து பேசு. இதுக்கே நான் எவ்வளவு இறங்கி வந்திருக்கேன் தெரியுமா?"

இரும்புக்கடைக்கு மேலே இருந்த நீளமான அறையில், கதவோரமாக நின்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனைக்காகச் சொந்தங்கள் முப்பது பேர் விரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை இறந்து இரண்டு வாரம். இன்று அத்தைக்கான ஞாயிறு. அத்தை குடும்பப் பட்டியலில் ஏறுவாளா, மாட்டாளா என்பது இன்னும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அந்தப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கடவுளைத் தேடி வந்தவர், விசிலின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா. சாக்கடை தோண்டுகிறவர். நீ போகிற இடம் சரியில்லை என்று அவருடைய ஆட்கள் ஒதுக்கினார்கள். உன் கை சரியில்லை என்று போன இடத்தில் ஒதுக்கினார்கள். இரண்டு பக்கமும் அவர் பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை. மனுஷன் அசரவில்லை. "பேரை நீங்களே வச்சுக்கங்க. கடவுள் பேரா கேப்பார்? என்ன வேலை செஞ்சேன்னுதான் கேப்பார்" என்றாராம். மனைவி இறந்தபோது அவளுக்காகத் தன் ஒற்றை அறையில் தானே பிரார்த்தனை நடத்தினார். பெயர் சொல்லவில்லை. "துணி வெளுத்தவள்" என்றார். பிள்ளைகள், "இருக்கிறார்" என்றார்கள்.

அன்றிலிருந்து அதுதான் முறை. இறந்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, செய்த வேலையைச் சொல்லி அழைப்பது. அறையே "இருக்கிறார்" என்று பதில் தரும். அறை பதில் சொல்லிவிட்டால் அந்த ஆள் பட்டியலில் ஏறியாயிற்று. புதிதாக ஒருவரைச் சேர்க்கும் நாளில், அவருக்கு மிக நெருங்கியவர் முழுப் பட்டியலையும் சொல்லிக் கடைசியில் அவரைச் சேர்க்க வேண்டும். பிரார்த்தனையை விட்டு விலகியவர்களுக்கு மட்டும் இடமில்லை; பட்டியல் முடியுமுன் வாசலைத் தாண்டினாலும் விலகியவர்தான். இந்தக் கடைசி விதி பெரியப்பாவின் கைங்கரியம்.

கைங்கரியம் அதோடு நிற்கவில்லை. வியாபாரம் வளர வளர, பட்டியலுக்கும் அவர் வர்ணம் அடித்துக்கொண்டே வந்தார். சாக்கடை தோண்டியவர் 'நீர்வழி அமைத்தவர்' ஆனார். துணி வெளுத்தவள் 'ஆடைப் பராமரிப்பு நடத்தியவர்' ஆனாள். ஒரு சின்னத் தாத்தா வாழ்நாளில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. பட்டியலில் அவர் 'சிந்தனையாளர்'.

அத்தை எந்த வர்ணமும் ஒட்டாத ஆள். பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் வேலை. வருகிற உடல்களைக் குளிப்பாட்டுவது, துணி சுற்றுவது, எடுத்துக்கொடுப்பது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், வேலை முடித்த கையோடு ஒரு ஞாயிறு இந்த அறைக்கு வந்தாள். குளித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனாலும் யாரோ மூக்கைப் பொத்தினார்கள்.

"அந்த வேலையை விட்டுட்டு வா" என்றார் பெரியப்பா.

"விட்டா அவங்களை யார் குளிப்பாட்டுவா?"

"அது உன் கவலையா? அந்தக் கையோட பிரார்த்தனைக்கு வரக் கூடாது."

"சரி அண்ணா. நான் அங்கேயே பண்ணிக்கிறேன்" என்று எழுந்து போனவள்தான். கூடப் பிறந்த தம்பி, விசிலின் அப்பா, அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவருக்குக் குடும்பத்தில் 'ஆகட்டும்' என்று பெயர். எது சொன்னாலும் அதுதான் பதில்.

அங்கேயே பண்ணிக்கொள்வது என்றால் என்ன என்று விசிலுக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி வேலை முடிந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவாள் அத்தை. கண்டக்டர் சீட்டுக்கு எதிர் சீட்.

"இன்னிக்கு ஒரு தையல்காரர் வந்தாருடி" என்பாள்.

"பேர் சொல்ல ஆளில்லாதவங்கன்னு சொன்னீங்களே. தையல்காரர்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"விரல் நுனி பூரா ஊசிக் குத்து. கையைப் பார்த்தா தெரியாதா? நேத்து வந்தவர் மூட்டை தூக்கினவர். தோள்ல காய்ப்பு, செருப்புத் தோல் மாதிரி. முந்தாநாள் ஒரு அம்மா, முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறிச்ச தழும்பு. பெரிய அடுப்படியில நின்னவங்க."

பெயர் தெரியாமல் வருகிற ஒவ்வொருவரையும் குளிப்பாட்டி, கையைப் பார்த்து, வேலையைச் சொல்லி அழைத்து, "இருக்கிறார்" என்று தானே பதிலும் சொல்லிவிட்டுத்தான் அத்தை துணியைச் சுற்றுவாள். பெயர் வேண்டாத பிரார்த்தனை ஒன்று குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்ததே இதற்காகத்தானோ என்று விசிலுக்குத் தோன்றும்.

"கையை வச்சும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலன்னா?"

"யாருக்கோ பிள்ளைன்னு சொல்லிடுவேன். அதுவும் வேலைதானே?"

"பெரியப்பா கையைப் பார்த்தா என்ன சொல்வீங்க?"

"போடி! பஸ்ல பத்துப் பேர் இருக்காங்க" என்று அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள்.

அந்த அத்தைதான் மனம் வருந்தித் திரும்பினாளாம்.

"இதைப் படிக்கலன்னா இன்னிக்குப் பட்டியலே கிடையாது. நேரா கடைசி ஜெபம்தான்" என்றார் பெரியப்பா. "சரின்னு சொல்லிட்டுப் போய் நில்லு."

"பட்டியலை நான் சொல்றேன்" என்றாள் விசில். காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிள்ளை வழிக்கு வந்துவிட்டாள் என்று பெரியப்பா நினைத்துக்கொண்டார்.

அவள் முன்னால் போய் நின்றாள். எள் விழ இடமில்லாத பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று டிக்கெட் கிழிப்பவள் அவள். நிறுத்தங்களைச் சொல்கிற அதே வேகத்தில் ஆரம்பித்தாள்.

"நீர்வழி அமைத்தவர்!"

"இருக்கிறார்."

"ஆடைப் பராமரிப்பு நடத்தியவர்!"

"இருக்கிறார்."

"மருத்துவச்சி!"

"இருக்கிறார்."

பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய வரிசை. முப்பது வாயும் தானாகத் திறந்து தானாக மூடின. ஒரு சித்தி செல்போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். விசில் வேகத்தைக் கூட்டினாள்.

"மாட்டு வண்டி ஓட்டியவர்!"

"இருக்கிறார்."

"பள்ளிக்கூட மணி அடித்தவர்!"

"இருக்கிறார்."

"பிணவறையில் குளிப்பாட்டியவர்!"

"இருக்கிறார்."

"சிந்தனையாளர்!"

இதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொன்னது என்ன என்று அப்போதுதான் ஒவ்வொரு மண்டைக்குள்ளும் இறங்கியது. செல்போன் சித்தி நிமிர்ந்தாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

பெரியப்பா எழுந்துவிட்டார். "செல்லாது! இது ஏமாத்து வேலை!"

"நீங்களும்தானே 'இருக்கிறார்'னு சொன்னீங்க. பக்கத்துல இருந்து என் காதால கேட்டேன்" என்றாள் பெரியம்மா. நாற்பது வருஷமாகக் காத்திருந்தவளைப் போலச் சொன்னாள்.

"அது வாய்ப்பழக்கம்!"

"சொன்னது சொன்னதுதான் பெரியப்பா. அதானே முறை?" என்று ஓர் இளவட்டம் குரல் கொடுத்தது. நாலைந்து தலைகள் ஆடின.

விசில் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். காரியம் முடிந்தது. அத்தை ஏறியாயிற்று. அத்தையே இதைக் கேட்டிருந்தால் முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கியிருப்பாள். ஆனால் விசிலுக்கு உட்காரக் கால் வரவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் பின்பக்கப் படியில் தொற்றி ஏறி, செக்கர் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிற ஆட்களை அவள் தினமும் பார்க்கிறாள். அத்தை அப்படி ஏற வேண்டிய ஆளா?

"பெரியப்பா சொல்றது சரிதான்" என்றாள்.

அறை அவளைத் திரும்பிப் பார்த்தது.

"நான் ஏமாத்தித்தான் வாங்கினேன். அது வேண்டாம். எங்க அத்தையை டிக்கெட் இல்லாம ஏத்தின மாதிரி ஏத்த மாட்டேன். மறுபடி சொல்றேன். இந்தத் தடவை மெதுவா. தெரிஞ்சே பதில் சொல்லுங்க. இல்லன்னா சொல்லாதீங்க."

"உட்காரு!" என்றார் பெரியப்பா.

"இவங்க வருந்தல. திரும்பி வரல. ஏன்னா இதை விட்டு இவங்க போகவே இல்ல. நீங்கதான் இவங்களை வெளிய நிறுத்தினீங்க. பேர் சொல்ல நாதியில்லாதவங்களுக்கெல்லாம் இந்தப் பட்டியல் முறைப்படி பிரார்த்தனை பண்ணினாங்க, தினமும், பத்தொன்பது வருஷம். நாம வாரம் ஒரு தடவை இந்த விரிப்புல உட்கார்ந்து கொட்டாவி விட்டோம். யார்கிட்ட இருந்தது பெரியப்பா நம்ம குடும்பத்து பக்தி?"

"சாமியார் மாதிரி பேசாத. பிணத்தைத் தொட்ட கை அது!"

"முதல் ஆள் எந்தக் கையோட வந்தார்? நீர்வழி அமைக்கலையே அவர். சாக்கடை தோண்டினார். அந்தக் கை ஆகாதுன்னுதான் அவரையும் வெளிய நிறுத்தினாங்க. நிறுத்தினவங்க பேச்சை அப்படியே நீங்க பேசறீங்க. நான் அவர் பேச்சைப் பேசறேன்."

சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, டிக்கெட்டைக் கிழிப்பதுபோல சரிபாதியாகக் கிழித்தாள். பிறகு தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"பிணவறையில் குளிப்பாட்டியவர்."

செல்போன் சித்தி விரிப்பின் நூலைப் பிடுங்கினாள். சற்றுமுன் குரல் கொடுத்த இளவட்டம் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தது. விளையாட்டாகச் சொல்வது எளிது. தெரிந்து சொன்னால் நாளைக்கு இரும்புக்கடைப் படி ஏற முடியுமா என்று யோசிக்க வேண்டுமே.

விசில் கையில் கிழிந்து கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். கையில் இருந்ததையும் விட்டுவிட்டேனோ?

பெரியப்பா தம்பியின் பக்கம் திரும்பினார். "உன் மகளை வந்து உட்காரச் சொல்லு. சொல்றியா இல்லையா?"

எல்லோரும் 'ஆகட்டும்' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். விசிலின் அப்பா விரிப்பில் கையூன்றி, சிரமப்பட்டு எழுந்து நின்றார்.

"இருக்கிறார்" என்றார். அழுகையில் பாதி உடைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். "எங்க அக்கா இருக்கிறார். அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் இல்ல."

"இருக்கிறார்" என்றாள் பெரியம்மா, கணவனைப் பார்க்காமலே.

பிறகு மூலையிலிருந்து ஒன்று, ஜன்னல் பக்கமிருந்து இரண்டு. அறை முழுதும் சொல்லவில்லை. பாதிகூட இல்லை. ஆனால் சொன்னவர்கள் எல்லோரும் தலையை நிமிர்த்திச் சொன்னார்கள்.

பெரியப்பா விடுவிடுவென்று வாசலுக்குப் போனார். ஒரு செருப்பை மாட்டிவிட்டார். அடுத்ததற்குக் காலை நீட்டும்போது பெரியம்மா, "பட்டியல் முடியாம வாசல் தாண்டினா விலகினவங்கன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? தாண்டுங்க, பார்ப்போம்" என்றாள்.

"அதான் முடிஞ்சு போச்சே!"

"எங்க முடிஞ்சுது?" என்றாள் விசில். "அத்தை அழைச்சவங்க பாக்கி இருக்காங்களே. பத்தொன்பது வருஷம், பெரியப்பா! எல்லாரையும் எனக்கு ஞாபகம் இல்ல. ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொல்றேன்."

"அவங்கள்லாம் நம்ம குடும்பமா? முன்னபின்ன தெரியாத பிணங்க!"

"அத்தை அவங்களை நம்ம முறைப்படி அழைச்சாச்சு. அப்போ குடும்பம்தான்." அவள் திரும்பி நின்றாள். "தையல்காரர்!"

"இருக்கிறார்" என்றார் அப்பா. கூடவே ஏழெட்டுக் குரல்கள் சேர்ந்துகொண்டன. செல்போன் சித்தியின் குரலும் அதில் இருந்தது.

"மூட்டை தூக்கியவர்!"

"இருக்கிறார்."

"பெரிய அடுப்படியில் நின்றவர்!"

"இருக்கிறார்!"

ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுமையுமாகப் பெரியப்பா வாசற்படியில் நின்றார். தாண்டினால் அவரும் விலகினவர். திரும்பி வந்து உட்கார்ந்தால் பதில் சொல்ல வேண்டும். உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார், கதவைப் பிடித்துக்கொண்டார்.

விசில் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த ஆளை அழைத்தாள்.