பொட்டுக்கு இடம்

காலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறேன். காப்பி போடுகிறேன். சன்னலில் தொங்கும் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்துகொள்கிறேன். கண்ணாடியின் ஓரத்தில் என் மனைவி வெள்ளைத்தாய் விரல் துடைத்த சாந்து காய்ந்திருக்கிறது. அதை அழிப்பதில்லை. சட்டை மாட்டிக்கொண்டு பட்டாசுக் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், தீபாவளி லோடெல்லாம் போன பிறகு அவளுக்குச் சளி பிடித்தது. சளி போயிற்று, தலைவலி போகவில்லை. பிறகு காய்ச்சல். ஒருநாள் நெற்றி நடுவில் மெத்தென்று ஒரு வீக்கம். எம். புதுப்பட்டியிலிருந்து வந்த மாமியார் மூக்கம்மாள் அதைப் பார்த்ததும் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வாசலில் வேப்பிலை செருகினாள்.

"ஆத்தா ஒத்த முத்துப் போட்டிருக்கா. ஊசி கீசின்னு யாரும் பேசப்படாது."

"அம்மைன்னா உடம்பெல்லாம்ல போடும், அத்தை?"

"பி.ஏ. படிப்புல அம்மையும் சொல்லிக் குடுத்தாகளாக்கும்?"

பாயில் கிடந்தவள் சிரித்தாள். சிரித்தால் வலித்தது. நெற்றியைக் கையால் அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மை இறங்கத் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவரை மருந்து கிடையாது. "மூணு தண்ணி ஊத்தட்டும். பொறவு நீங்க கூப்பிடுற எடத்துக்கு வாரேன்" என்றாள் வெள்ளைத்தாய். இரண்டாம் தண்ணீர் ஊற்றிய அன்றே ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. மூக்கம்மாளே வேப்பிலையைப் பிடுங்கிப் போட்டாள்.

"கூட்டிட்டுப் போங்க, மாப்ளே."

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் வீக்கத்தை விரலால் அழுத்தினார். விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. மூக்குக்கு மேலே எலும்புக்குள் தங்கிய சளி சீழாகி, நெற்றி எலும்பை அரித்துவிட்டது என்றார். இப்படி வருவது அபூர்வமாம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். செல்லரித்த உத்தரம்போல் இருந்தது.

"கெட்ட எலும்பை எடுத்தாகணும். நெற்றி குழிவிழும். பென்சிலினும் போடுறோம். சீழ் மூளைப் பக்கம் போகாம இருந்தாப் பிழைச்சுக்குவா."

போயிருந்தது. ஆப்பரேஷனுக்குப் பிறகு அவள் கண் விழிக்கவில்லை.

உடலை எடுக்கும்போது மூக்கம்மாள் குங்குமத்தோடு வந்தாள். புருவம் வரை கட்டு. எங்கே வைப்பதென்று தெரியாமல் விரலை நீட்டியபடியே என்னைப் பார்த்தாள்.

ஆப்பரேஷன் அன்று தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகையில், வெள்ளைத்தாய் மழித்த தலையை ஒரு கையால் மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விரல் நுனியைக் காட்டினாள்.

"பொட்டு வைக்க இம்புட்டு எடம் மட்டும் விட்டுட்டு எடுக்கச் சொல்லுங்க."