கண்ணாடிக்கு முன்னால் ஓர் உண்டியல்

தலையைச் சலூன்காரரிடம் ஒப்படைத்துவிட்டு மளிகைக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எதிரே கண்ணாடிக்கு அடியில், பவுடர் டப்பாவுக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் நடுவே அந்த உண்டியல் இருந்தது. உள்ளே கிடப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் உண்டியல். எங்கோ தூரதேசத்தில் நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்காக ஒரு சங்கத்துப் பெண் கொண்டுவந்து, தன் பங்காக மூன்று நாலு காசு போட்டு வைத்தது. நாற்காலியில் உட்காருகிறவன் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது என்று சலூன்காரர் கணக்குப் போட்டுத்தான் அங்கே இடம் கொடுத்திருந்தார். மனிதனுக்குக் கண்ணிமை என்று ஒன்று இருப்பது அவர் கணக்கில் வரவில்லை.

மூலையில் டிவி செய்தி வாசித்தது. "அங்க எப்பப் பாத்தாலும் இப்படித்தான்" என்றார் மளிகைக்கடைக்காரர், கண்ணைத் திறக்காமலே. "ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் சண்டை, இப்ப இது. நாம குடுத்தா நிமிரப் போறாங்க? மீசையக் கொஞ்சம் ஒதுக்கி விடுங்க."

எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள் இல்லை அவர். தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்பவர். அந்தத் தேசம் அவருக்குத் தூரம், அவ்வளவுதான். மற்றவர்களும் அப்படியே. உச்சுக்கொட்டினார்கள், மீதிச் சில்லறையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார்கள். தலையைக் கொடுத்த ஒருவரும் கையைக் கொடுக்கவில்லை.

சலூன்காரரின் தம்பி அந்தத் தேசத்தில்தான் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் செய்துகொண்டிருந்தான். பூமி ஆடியதிலிருந்து அவனிடமிருந்து போன் இல்லை. இது வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

"சொல்லித்தான் தொலைங்களேன்" என்று அவர் மனைவி சோறு போடும்போதெல்லாம் சொன்னாள். "உங்க தம்பி அங்க இருக்காருன்னு ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் போடுவாங்க."

"எனக்காகப் போடுவாங்க."

"யாருக்காகப் போட்டா என்ன?"

அவர் மனதுக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தார். உண்டியலின் அடி மறைகிற அளவுக்குக் காசு விழுந்தால் தம்பி உயிரோடு இருக்கிறான். யாரிடமும் சொல்லக்கூடாது, தானும் போடக்கூடாது, அது கள்ளாட்டம். கிறுக்குத்தனம் என்று அவருக்கே தெரியும். பயந்தவனுக்குப் புத்தி ஏது? அதனால் ஒவ்வொருவரும் வெறுங்கையை வீசிக்கொண்டு வெளியேறும்போது அவர்களே தம்பியைக் குழிக்குள் தள்ளுவதாகத் தோன்றியது. ஆத்திரம் பொங்கியது. இப்போதும் மளிகைக்கடைக்காரரின் கழுத்தில் கத்தியை வைத்து, மிக நிதானமாக, அவரை வெறுத்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணே, நான்தான்."

சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் சரிந்தார். வாய்விட்டு அழுதார். மளிகைக்கடைக்காரர் பாதி முகத்தில் நுரையும் கழுத்தில் துணியுமாக எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"காய்கறி வாங்க வெளியூர் போயிருந்தேண்ணே. வந்து பாத்தா கட்டடமே இல்ல. என்கூட வேல பாத்தவங்க ஒருத்தர்கூட..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். ஆனா அண்ணே, அவங்க உள்ளயே..."

"அடி எதுவும் படலையே? அது போதும். மொதல்ல உன் அண்ணிகிட்ட பேசு."

தம்பி அங்கே இருந்த கதையைச் சொல்லிக்கொண்டே சலூன்காரர் மீதிச் சவரத்தை முடித்தார். மளிகைக்கடைக்காரர் முகத்தைத் துடைத்தபடி, "ஒரு வார்த்த சொல்லலையே நீங்க. நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்று கடிந்துகொண்டார். கூலியைக் கொடுத்தார். பிறகு ஒரு பெரிய நோட்டை எடுத்து நாலாக மடித்து உண்டியலின் வாயில் வைத்தார்.

சலூன்காரர் சிரித்துக்கொண்டே அவர் கையைத் தடுத்தார்.

"இனிமே எதுக்குங்க? அதான் தம்பி கெடச்சுட்டானே."

மளிகைக்கடைக்காரருக்கும் அது நியாயமாகவே பட்டது. நோட்டு சட்டைப்பைக்குத் திரும்பியது. சலூன்காரர் டிவியைப் பாட்டுக்கு மாற்றி, உண்டியலைத் தூக்கி, பழைய பத்திரிகைகள் கிடக்கும் கீழ்த்தட்டில் வைத்தார். உள்ளே இருந்த மூன்று நாலு காசுகள் ஒரு பக்கமாக உருண்டு, கொஞ்ச நேரம் சுழன்று, படுத்தன.