ஓடு போட்ட ஈஸ்ட்

ஹோயுன் ஓடு போட்ட ஈஸ்ட் செல்கள் பச்சையாக மின்னுகின்றன என்று கேள்விப்பட்டதிலிருந்து செரினுக்கு வயிறு எரிந்தது.

உயிருள்ள செல்லின் மேல் சிலிக்கா நுண்துகள்களால் ஓடு போடுவதுதான் டேஜான் நகரில் இருந்த அந்த ஆய்வகத்தின் வேலை. ஓடு இருந்தால் செல் சூட்டைத் தாங்கும். ஆனால் ஓட்டுக்குள்ளேயே செத்துவிடக் கூடாது. ஐந்து வருடமாக செரின் போட்ட ஓடெல்லாம் பிணத்துக்குப் போட்ட கோடித்துணிதான். நேற்று வந்த ஹோயுன் முதல் முயற்சியிலேயே சாதித்துவிட்டானாம்! யாருடைய செல் பிழைக்கிறதோ அவருக்குத்தான் கட்டுரையில் முதல் பெயர். அது கிடைக்காவிட்டால் செரினுக்கு இந்த வருடமும் டாக்டர் பட்டம் இல்லை.

"அக்கா, வந்து பாருங்களேன். அத்தனையும் உயிரோட இருக்கு!"

உயிருள்ள செல்லைப் பச்சையாகக் காட்டத்தான் சாயம் போடுவார்கள்; ஆனால் அது வெறும் ஓட்டில் ஒட்டிக்கொண்டாலும் பச்சையாகத்தான் தெரியும். அவளுக்கே ஒருமுறை அப்படி நடந்து மூக்குடைபட்டிருக்கிறது. சொல்ல வாயெடுத்தவள், "பிரமாதம்டா" என்று மட்டும் சொன்னாள்.

அவன் சாப்பிடப் போன நேரத்தில் அவனுடைய குழாயிலிருந்து ஒரு துளி எடுத்து, செல்கள் தின்று வளரும் தீனித் தட்டில் பரப்பினாள். உயிர் இருந்தால் ஓட்டை உடைத்துக்கொண்டு பெருகும். பெருகாத தட்டை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்ட வேண்டும். பெயரில்லாத தட்டு கண்ணில் பட்டால் குப்பைக்குப் போய்விடும் என்பதால் ஹோயுன் பெயரையே எழுதி இன்குபேட்டரின் கடைசியில் ஒளித்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது தட்டு ஹோயுன் கையில் இருந்தது. தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அத்தனையும் பெருகியிருந்தன.

"இது உங்க கையெழுத்துதானே? எனக்காகச் சோதிச்சுப் பார்த்தீங்களா அக்கா? எனக்கு இது தோணவே இல்லையே!"

அன்று மாலை பன்றிக்கறி சுடும் கடையில் பேராசிரியர் நம்குங் கோப்பையைத் தூக்கினார். "தன் வேலைய விட்டுட்டு தம்பி வேலையச் சரிபார்க்கிற மனசு யாருக்கு வரும்? செரினுக்குப் பொறாமைன்னா என்னன்னே தெரியாது!"

செரினுக்கு உடம்பு கூசியது. "சார், அது வந்து... நான் நிஜமா எதுக்குப் பண்ணேன்னா..."

முடிப்பதற்குள், கறியும் பூண்டும் வைத்து மடித்த கீரையிலை ஒன்றை ஹோயுன் அவள் வாயில் திணித்தான். அன்போடு ஊட்டியதை ஒரே வாயாக மென்றாக வேண்டும்; துப்பினால் மரியாதை இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

"ரெண்டாவது பெயர் உங்களோடதுதான் அக்கா. சார்கிட்ட நானே கெஞ்சிக் கேட்டேன்."

விழுங்கிய பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலையில் ஜெயித்தது போதாதென்று இவன் நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.