நாலு மணி பத்து நிமிடம்

ஒவ்வொரு முறை வெளிநாட்டு வேலைக்குத் திரும்பும்போதும் வெல்டர் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வருவது ஒன்றுதான்: "நாலு மணி நேரம்தாம்மா. கூப்பிட்டா வந்து நிப்பேன்." அழுகிறவளை அடக்க வேறு வழி தெரியவில்லை. விமான டிக்கெட்டிலும் நாலு மணி பத்து நிமிடம் என்றுதான் இருந்தது. ஊருக்கு வரும்போது எப்போது கிளம்பினான் என்று யாரும் கேட்டதில்லை. வாசலில் பெட்டியோடு நிற்பான், அவ்வளவுதான்.

கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் இரும்புத் தூணைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணே, அம்மாவுக்கு மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு. மிஷின்லதான் மூச்சு ஓடுது. இனி பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்கண்ணன் நாலு மணி நேரத்துல வந்துரும், மூஞ்சியப் பாத்தப்புறம் மிஷின எடுங்கன்னேன். சரி, மதியம் வரைக்கும் வைக்கிறேன்னாரு."

அவன் பாஸ்போர்ட்டைக் கம்பெனி அலுவலகத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். அலுவலகம் நகரத்தின் மறுகோடியில். கிரேன் ஓட்டும் மொட்டையும் வேனில் கூட வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. விரல் விட்டு எண்ணினான்.

"பாஸ்போர்ட் வாங்க ரெண்டு மணி நேரம். ஏர்போர்ட்டுக்கு ஒண்ணரை. ஃப்ளைட்டு சாயங்காலம்தான். இறங்கி உங்க ஊருக்கு பஸ்ல அஞ்சு. பறக்குறதுதான் மாப்ள நாலு. மத்ததெல்லாம் ஊர்றது."

"வாயை மூடுறா."

"நான் மூடிக்கிறேன். நீ தொறந்து தங்கச்சிகிட்ட சொல்லு."

சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வெளியே வந்தபோது மதியமாகிவிட்டது. தங்கையே கூப்பிட்டாள்.

"எங்கே வந்துட்டிருக்கண்ணே?"

"இன்னும் கிளம்பவே இல்ல. வீடு வந்து சேர விடிஞ்சிரும்."

"நாலு மணி நேரம்னியே."

"அது ஆகாசத்துல மட்டும்."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மாவும் தெருப்பூரா அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சுது," என்றாள். "இங்க வராண்டாவுல ஒரு பொண்ணு நிக்குதுண்ணே. அது புருஷன் லாரியில அடிபட்டுக் கிடக்கான். கையால காத்துப் பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் குடுக்குறாங்க. இருக்குறது ஒரே மிஷின். அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்கல. என்னையே பாக்குது."

வெல்டர் சுவரில் சாய்ந்தான். மொட்டை வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மிஷின எடுக்கச் சொல்லிரு," என்றான் வெல்டர்.

"அம்மா காதுல போனை வைக்கிறேன். ஒரு வார்த்தை பேசிரு."

மிஷின் காற்றைத் தள்ளும் சத்தம் கேட்டது. எவ்வளவோ சொல்ல இருந்தது. வாய் பழகியதையே சொன்னது.

"நாலு மணி நேரம்தாம்மா. வந்துருவேன்."

சாயங்காலம் விமானத்தில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. எதிரே இருந்த திரையில் எழுத்து ஓடியது: தூரம் 2,870 கிலோமீட்டர். மீதி நேரம் நாலு மணி பத்து நிமிடம்.

"பரவால்ல, சட்டுனு போயிரலாம்," என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

வெல்டர் பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.